கைப்பட்டைக் கவ்வி

கோட்டு அணியும் மேனாட்டார் வழக்கத்தில் ஒரு சிறு நியதி உண்டு. கோட்டின் கை முடியுமிடத்திற்கு அப்பால், உள்ளே அணிந்த சட்டையின் கைப்பட்டை ஏறத்தாழ அரை அங்குலம் வெளியே தெரிதல் வேண்டும். ‘கஃப்’ என்று தையற்காரர் வழங்கும் அந்த மணிக்கட்டுப் பட்டை வெண்மையாகவும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும். அது கோட்டினுள் மறைந்துவிட்டாலும் குறை; உள்ளங்கை வரை நழுவி இறங்கினாலும் குறை. இந்த அரை அங்குல வெண்மையைக் காப்பதற்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் ஒரு சிறு கருவி தோன்றிப் பல ஆண்டுகள் பரவலாக விற்பனையாகி, பின்னர் சுவடின்றி மறைந்தது. அதுவே கைப்பட்டைக் கவ்வி.

கோட்டு அணியாத நமக்கு இக்கருவியால் ஆவது என்ன என்று அங்கத்தினர் சிலர் வினவலாம். கருவியால் ஆவது சிறிதே. ஆனால் அக்கருவி தோன்றிய காரணமும் மறைந்த காரணமும் துணியைச் சார்ந்தவை. அவ்விரண்டிற்கும் இடையில் பல நூறு பெண்களின் பிழைப்பும், அவர்கள் காண முயன்ற ஒரு கூட்டுறவுத் தொழிற்கூடத்தின் கதையும் அடங்கியிருக்கின்றன. ஆதலின் இதனைச் சற்று விரிவாக அறிதல் நமக்குப் பயன் தருவதேயாகும்.

கழற்றக்கூடிய பட்டை

இக்காலத்துச் சட்டையில் கழுத்துப்பட்டையாகிய காலரும் கைப்பட்டையும் சட்டையோடு சேர்த்தே தைக்கப்படுகின்றன. நூறாண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. சட்டையின் மற்றப் பகுதிகளைக் காட்டிலும் கழுத்தும் மணிக்கட்டுமே விரைவில் அழுக்கடைகின்றன. வியர்வையும் புழுதியும் படிவது அவ்விடங்களில்தான். பிறர் கண்ணில் படுவதும் அவையே. அந்தச் சிறு பகுதிகளுக்காக முழுச் சட்டையையும் அடிக்கடி துவைத்தால் உழைப்பும் வீண், துணியும் நைந்துபோகும்.

நியூயார்க் மாகாணத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள டிராய் என்னும் ஊரில், 1827-ஆம் ஆண்டில் ஹன்னா மாண்டேகு என்ற மாது தம் கணவரின் சட்டையிலிருந்து காலரை மட்டும் வெட்டியெடுத்துத் தனியே துவைத்து, மீண்டும் சட்டையில் பொருத்தினார் என்று சொல்லப்படுகிறது. இல்லத்தில் பிறந்த இச்சிறு சூழ்ச்சி விரைவில் தொழிலாக வளர்ந்தது. காலரைப் போலவே கைப்பட்டையும் தனிப்பொருளாயிற்று. டிராய் நகரம் ‘காலர் நகரம்’ என்றே பெயர் பெற்றது. வெட்டுதல், தைத்தல், துவைத்தல், கஞ்சியிடுதல், இஸ்திரி போடுதல் என ஒவ்வொரு வேலையும் தனித்தனித் தொழிலாகப் பிரிந்து, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை அளித்தது.

தனிக் கைப்பட்டை பல மடிப்புத் துணியால் தைக்கப்பட்டது. ஆளிநாரால் நெய்த லினன் துணியும் பருத்தித் துணியும் இதற்குப் பயன்பட்டன. அதனைக் கெட்டிக் கஞ்சியில் தோய்த்து, சூடேறிய இஸ்திரியால் அழுத்தித் தேய்த்தால் அட்டை போன்ற விறைப்பும் பளபளப்பும் உண்டாகும். பாவுக்குக் கஞ்சியிடும் நம்மவர்க்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டுவதில்லை. பாவிலே நூலைக் காப்பதற்காகக் கஞ்சியிடுகிறோம். அங்கே தோற்றத்திற்காக இட்டனர். வேறுபாடு அவ்வளவே.

இத்தகைய விறைத்த பட்டையைச் சட்டைக் கையோடு பொத்தானால் இணைத்தோரும் உண்டு. ஆனால் பொத்தானால் இணைத்த பட்டை சட்டையின் போக்கிற்கெல்லாம் அசையும். கையை உயர்த்தினால் சட்டைக் கை மேலேறும். அதனோடு பட்டையும் கோட்டினுள் மறையும். கையைத் தாழ்த்தினால் பட்டை உடனே தன் இடத்திற்குத் திரும்புவதில்லை. பட்டையைச் சட்டையோடு இணைக்காமல் கோட்டின் கையோடு இணைத்தால் என்ன? கோட்டுக்கும் பட்டைக்கும் இடையேயுள்ள தொலைவு மாறாது. வெளியே தெரியும் அரை அங்குலமும் என்றும் அரை அங்குலமாகவே நிற்கும். இந்த எண்ணத்திலிருந்தே கவ்வி பிறந்தது. எழுத்து வேலை செய்வோர் மேசையில் அமரும்போது பட்டையை நொடியில் கழற்றி வைத்துவிட்டு, எழும்போது மீண்டும் பொருத்திக்கொள்ளவும் இது வசதியாயிற்று.

கவ்வியின் அமைப்பு

கவ்வியின் ஒரு முனை கோட்டுக் கையின் உட்புறத் துணியைப் பற்றும்; மறுமுனை கைப்பட்டையின் ஓரத்தைப் பற்றும். ஒவ்வொரு முனையிலும் இரு தாடைகள். அவை ஒரு முளையைச் சுற்றி அசைவன. தாடைகளுக்குப் பின்னே விரலால் அழுத்துவதற்கு ஏற்ற வால்கள். தாடைகளை எப்பொழுதும் மூடிய நிலையில் வைத்திருப்பது உள்ளேயுள்ள வில். இதனையே ‘ஸ்பிரிங்’ என்கிறோம்.

வில்லின் இயல்பை ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். வில்லை எவ்வளவு வளைக்கிறோமோ அவ்வளவிற்கு நேர்விகிதமாக அது எதிர்த்து நிற்கும் என்பது அவர் கண்ட விதி. இவ்விதி ஓர் எல்லை வரையிலேயே செல்லும். எல்லை கடந்து வளைத்தால் உலோகம் தன் பழைய நிலைக்குத் திரும்பாது. வில் ‘தொய்ந்துவிட்டது’ என்போம். ஆகையால் நல்ல கவ்வி செய்பவன், எவ்வளவு அகலத் திறந்தாலும் வில் தன் எல்லையை எட்டாதவாறு அளவு அமைக்கிறான்.

அடுத்தது நெம்புகோல் கணக்கு. முளையிலிருந்து தாடை நுனி வரையுள்ள நீளத்தைப்போல் இரு மடங்கு நீளம் வாலுக்கு இருப்பதாகக் கொள்வோம். தாடை நுனியில் துணியை 4 இராத்தல் விசையோடு வில் பற்றியிருப்பின், வாலை 2 இராத்தல் விசையோடு அழுத்தினாலே பிடி விட்டுப்போகும். விரலுக்கு எளிமை, துணிக்கு இறுக்கம் என்னும் இரண்டும் ஒருங்கே கிடைப்பது இதனால்தான். வாலை மேலும் நீட்டினால் திறப்பது இன்னும் எளிதாகும்; ஆனால் கோட்டுக் கையினுள் அது புடைத்துத் தெரியும். எனவே நீளத்தை ஓர் அளவோடு நிறுத்த வேண்டியதாயிற்று.

இனித் துணியின் பக்கமிருந்து நோக்குவோம். கஞ்சியிட்டுத் தேய்த்த பட்டை வழவழப்பானது; மழுங்கிய தாடை அதில் வழுக்கும். ஆகவே தாடையில் சிறு பற்கள் வேண்டும். கோட்டின் உட்புறத் துணியோ மெல்லியது. கூரிய பற்கள் அதன் இழையை அறுத்துவிடும். ஒரே கருவியின் இரு முனைகளும் இருவேறு துணிகளுக்கு ஏற்ப அமைய வேண்டியிருந்தது. மேலும், சட்டைக் கையின் நீளம் பெரும்பாலும் பாவின் போக்கிலேயே வெட்டப்படுகிறது. இழுவையும் அதே போக்கில்தான் வருகிறது. தாடை அகன்றிருந்து பாவிழைகளுக்குக் குறுக்காகப் பற்றினால் பல இழைகள் ஒருசேரச் சுமையைத் தாங்கும். தாடை குறுகியிருந்தால் சுமையனைத்தும் நாலைந்து இழைகளின் மேல் விழும், அவ்விடம் கிழியும். இதனைத் தறியில் அமர்ந்த எவரும் எளிதில் உணர்வர்.

உடலுக்குப் பயன்பட்ட பொருள் பெரும்பாலும் பித்தளைத் தகடு, வில்லுக்கு எஃகு. பித்தளை எளிதில் வளைந்து உருப்பெறும், இரும்பைப் போல் துருப்பிடிக்காது. அதன்மேல் நிக்கல் முலாம் பூசினர். முலாம் தேய்ந்தால் பித்தளையின் பச்சைக் களிம்பும், எஃகு வில்லின் துருவும் வெண்துணியில் கறையாக இறங்கும். கவ்வியின் ஆயுள் பெரும்பாலும் முலாமின் ஆயுளே.

கவ்வியின் உறவினர்

கைப்பட்டைக் கவ்வி தனித்துத் தோன்றிய பொருள் அன்று. அந்நூற்றாண்டில் துணியைப் பற்றும் விற்கருவிகள் பல அடுத்தடுத்துத் தோன்றின. நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஊக்கை, ஒரே கம்பியைச் சுருட்டி வில்லாக்கி, கூர்முனையை மறைக்கும் தலையும் வைத்து 1849-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட். துணி உலர்த்தும் கொடியில் நாம் செருகும் கிளிப்பின் மூதாதையாகிய இரட்டைக்கட்டை விற்கவ்விக்கு 1853-இல் வெர்மாண்ட் மாகாணத்து டேவிட் ஸ்மித் காப்புரிமை பெற்றார். அதிலே ஒரே கம்பிச் சுருளை முளையாகவும் வில்லாகவும் அமைத்து 1887-இல் திருத்தியவர் சோலன் மூர். மார்க் ட்வைன் என்னும் புனைபெயரால் உலகறிந்த எழுத்தாளர் சாமுவேல் கிளெமன்ஸ்கூட, ஆடைகளை இறுக்கிப் பிடிக்கும் கழற்றத்தக்க மீள்பட்டை ஒன்றிற்கு 1871-ஆம் ஆண்டு டிசம்பரில் காப்புரிமை பெற்றவரே.

கனெக்டிகட் மாகாணத்து வாட்டர்பரி, பித்தளைத் தொழிலால் புகழ்பெற்ற ஊர். அங்கிருந்த அமெரிக்கன் ரிங் கம்பெனி, ‘வாஷ்பர்ன்’ என்னும் பெயரில் கைப்பட்டைக் கவ்விகளைச் செய்து பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. ஜோடி விலை 20 சென்ட், தபாலில் அனுப்பப்படும். வேண்டிய இடத்தில் பொருத்தலாம், நழுவாது, நொடியில் விடுவிக்கலாம் என்பவை அவ்விளம்பரம் எடுத்துரைத்த சிறப்புகள். கவ்விக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் அம்மூன்றில் அடங்கிவிட்டது எனலாம்.

பட்டையை வெளுத்தவர்கள்

கவ்வி பற்றியிருந்த அந்த வெண்மையான பட்டையை யார் வெண்மையாக்கினர்? டிராய் நகரத்து வெளுப்புக் கூடங்களில் வேலை செய்த பெண்கள். அவர்களுள் பலர் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தினர். நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் நின்றவாறே வேலை. கொதிநீரும் வெளுப்புக் காரமும் கைகளைத் தின்றன. கஞ்சியிடும் புதிய இயந்திரங்களின் வெப்பம் விரல்களைச் சுட்டது.

இவர்களுள் ஒருவரான கேட் முல்லானி என்னும் இளம்பெண், 1864-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 300 பெண்களைத் திரட்டிக் காலர் வெளுப்போர் சங்கம் ஒன்றை அமைத்தார். அவ்வாண்டிலேயே வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு வாரத்திற்குள் கூலி நூற்றுக்கு 25 பங்கு உயர்ந்தது. 1866-இல் அவ்வூர் இரும்பு வார்ப்புத் தொழிலாளர் இன்னலுற்றபோது, இப்பெண்கள் 1,000 டாலர் அளித்து உதவினர். குறைந்த கூலி பெறுவோர் பிறருக்கு ஈந்த அச்செயலை எவர் பாராட்டாதிருப்பர்? 1868-இல் அமெரிக்காவின் தேசியத் தொழிலாளர் சங்கம் முல்லானியைத் துணைச் செயலாளராக நியமித்தது.

1869-இல் இரண்டாம் முறை வேலைநிறுத்தம் ஏற்பட்டது. இம்முறை முதலாளிமார் ஒன்றுபட்டு நின்றனர். சங்கத்தை விட்டு விலகுவோர்க்குக் கூடுதல் கூலி தருவதாகக் கூறினர். அப்போது அப்பெண்கள் ஒரு துணிவான வழியில் இறங்கினர். பிறர் கூடத்தில் கூலிக்கு வெளுப்பதற்கு மாறாக, தாங்களே பங்கு சேர்த்துக் கூட்டுறவு முறையில் காலரும் கைப்பட்டையும் செய்து விற்பது என்று தீர்மானித்தனர். நியூயார்க் நகரத்துப் பெரிய கடை ஒன்றும் அவர்கள் சரக்கை வாங்க முன்வந்தது. உழைப்பு இருந்தது, திறமை இருந்தது, வாங்குவோரும் கிடைத்தனர். ஆயினும் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1870-க்குள் சங்கமும் கலைந்தது.

முதலாளிமாரின் ஒற்றுமை அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் கடைத்தெருவிலேயே வந்து நின்றது. அதுதான் காகிதக் காலர். ஊக்கைக் கண்ட அதே வால்டர் ஹண்ட் 1854-ஆம் ஆண்டில் காகிதக் காலருக்கும் காப்புரிமை பெற்றிருந்தார். துவைக்க வேண்டுவதில்லை, கஞ்சி வேண்டுவதில்லை, இஸ்திரி வேண்டுவதில்லை, அழுக்கானால் எறிந்துவிடலாம். வெளுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்க்கு வெளுக்க வேண்டாத பொருளைவிடக் கொடிய பகை வேறு ஏது? வெளுக்கும் கூலியைப் பற்றி இரு தரப்பாரும் வழக்காடிக்கொண்டிருக்கையில், வெளுக்கும் வேலையே காலின்கீழிருந்து நழுவத் தொடங்கிற்று.

காகிதத்தின்பின் செல்லுலாய்டு வந்தது. டிராய்க்கு அருகிலுள்ள ஆல்பனி நகரில் ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் பருத்தியிலிருந்து செய்த நைட்ரோ செல்லுலோசையும் கற்பூரத்தையும் கலந்து உருவாக்கிய இப்பொருளுக்கு 1870-இல் காப்புரிமை கிடைத்தது. செல்லுலாய்டு பட்டையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தீப்பற்றும் அபாயம் உண்டெனினும் மலிவு கருதிப் பலர் வாங்கினர். துணி, காகிதம், செல்லுலாய்டு ஆகிய மூன்றும் போட்டியிட்ட அக்காலத்தில் கவ்விக்கு மட்டும் கவலையில்லை. பட்டை எதனால் ஆனதாயினும் அதைப் பற்றிக்கொள்ள ஒரு கவ்வி வேண்டியிருந்ததே!

கவ்வி மறைந்தது எங்ஙனம்

கவ்விக்கும் முடிவு வந்தது. அதைவிடச் சிறந்த கவ்வி தோன்றியதனால் அன்று. பட்டை சட்டையோடு சேர்ந்துவிட்டமையால்.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் கோடிக்கணக்கான ஆண்கள் சேர்த்துத் தைத்த மென்மையான காலருடைய சட்டைகளை அணிந்து பழகினர். ஊர் திரும்பிய பின்னர் விறைத்த பட்டைகளை மீண்டும் சுமக்க அவர்கள் விரும்பவில்லை. 1920-க்குப் பின்னர்ச் சேர்த்துத் தைத்த காலரும் கைப்பட்டையும் உடைய சட்டைகளே மிகுந்து விற்றன.

ஆனால் அதில் ஓர் இடையூறு இருந்தது. துவைத்தால் சட்டை சுருங்கிற்று. இது நெசவின் இயல்பு. தறியில் பாவு இறுக்கமாக இழுக்கப்பட்டு நிற்கிறது. துணியை நனைத்தவுடன் இழைகள் பருக்கின்றன. பருத்த ஊடையைச் சுற்றி வளைந்து செல்லப் பாவிழைக்கு அதிக நீளம் வேண்டும். அந்நீளம் துணியின் நீளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகையால் துணி குறுகுகிறது. தனிக் காலர் சுருங்கினால் வேறொன்று வாங்கலாம். சேர்த்துத் தைத்த காலர் சுருங்கினாலோ முழுச் சட்டையும் பயனற்றுப்போகும்.

இதற்குத் தீர்வு கண்டவர் டிராய் நகரத்துக் காலர்த் தொழிலில் முதன்மை பெற்றிருந்த கிளூவெட் பீபாடி நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு கிளூவெட். துணியை ஈரப்படுத்தி, வளைந்து நீண்ட நிலையிலுள்ள தடித்த மீள்பட்டை ஒன்றின்மேல் படியச் செய்து, அப்பட்டை சுருங்கும்போது துணியும் உடன் சுருங்குமாறு அமைத்தார். அணிவோன் வீட்டுத் தொட்டியில் நிகழ வேண்டிய சுருக்கம், ஆலையிலேயே முன்னதாக நிகழ்ந்துவிட்டது. எஞ்சிய சுருக்கம் நூற்றுக்கு 1 பங்கிற்கு மேற்படாது என்பது இம்முறையின் உறுதி. 1930-ஐ ஒட்டிப் பரவிய இம்முறைக்கு அவர் பெயராலேயே ‘சான்ஃபரைஸ்’ என்று பெயர் வழங்கலாயிற்று. தனிக் காலர் விற்று வளர்ந்த நிறுவனமே, தனிக் காலரின் காலம் முடிந்ததை உணர்ந்து சட்டை விற்பதற்கு மாறிக்கொண்டது. மாறிக்கொள்ளும் வழியில்லாத சிறு கவ்வி மறைந்தது.

நாம் கொள்ள வேண்டுவன

இவ்வரலாற்றை ஒரு பழங்கதையாக மட்டும் வாசித்து விடுதல் தகாது. டிராய்ப் பெண்களின் கூட்டுறவுக்கு உழைப்பிலோ ஒற்றுமையிலோ குறைவு இருந்ததில்லை. அவர்கள் கையிலிருந்தது ஒரே ஒரு பொருள். அப்பொருளின் காலமோ மாறிக்கொண்டிருந்தது. மாற்றத்தைத் தாங்கி நின்று வேறொன்றிற்குத் திரும்புவதற்கு வேண்டிய கையிருப்பும் கால அவகாசமும் கிளூவெட் நிறுவனத்திற்கு இருந்தன, அப்பெண்களுக்கு இல்லை. ஆகவே ஒரு கூட்டுறவுச் சங்கம் கூலியையும் விலையையும் கவனிப்பதோடு, தன் சரக்கை வாங்குவோர் அதை எவ்வாறு உடுத்துகின்றனர், எவ்வாறு துவைக்கின்றனர், எதனை வெறுக்கின்றனர் என்பவற்றையும் ஆண்டுதோறும் கேட்டறிதல் வேண்டும். ஆண்டு இலாபத்தில் ஒரு பகுதியைப் புதுமுறைக்கெனச் சேமநிதியில் ஒதுக்கி வைத்தல் வேண்டும். துணி துவைத்தபின் சுருங்குகிறது என்று வாங்கியவர் கூறும் ஒரு சிறு குறை, வரப்போகும் பெரிய மாறுதலின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

இறுதியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. கைப்பட்டைக் கவ்வி மறைந்தாலும் அதன் இனம் மறையவில்லை. சங்க விற்பனைச் சாலைகளில் புடவையையும் துண்டையும் காட்சிக்குத் தொங்கவிடக் கிளிப்புகள் பயன்படுகின்றன. அவற்றை வாங்கும்போது, தாடை அகலமாகவும் பற்கள் மழுங்கியும் உள்ளவற்றையே தேர்ந்தெடுத்தல் நன்று. முலாம் தேய்ந்தவற்றை அப்புறப்படுத்துதல் வேண்டும். ஈரக்காற்றில் ஓர் இரவு போதும், துருக்கறை இறங்கிவிடும். பாரமான புடவையை ஒரே கிளிப்பில் தொங்கவிடாமல் பாவிழைகளுக்குக் குறுக்காகப் பல கிளிப்புகள் இட்டால், சுமை பங்கிடப்பட்டுத் துணி காக்கப்படும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பற்றவைக்காது வாரந்தோறும் இடம் மாற்றுதலும் அவசியம். பல நாள் உழைத்து நெய்த புடவையின் விலையை, சில காசு பெறும் ஒரு கிளிப்பு கெடுத்துவிட இடங்கொடுத்தல் ஆகாது.